காவி, யானை, மரம்: அப்பாவோட மறதித் தேர்வும் சில கேள்விகளும்

போன வருஷம் ஆடி மாசம் அப்பாவை ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனோம். அவருக்கு 77 வயசு. மாமல்லபுரத்துல நாற்பது வருஷத்துக்கு மேல கருங்கல் செதுக்கினவர். இன்னைக்கும் பட்டறைக் கணக்கை அவர்தான் எழுதுறார். ஒரு வருஷமாவே வீட்ல புகார்: சொன்னதை மறந்துடறார், கேட்டதுக்குச் சம்பந்தம் இல்லாம பதில் சொல்றார், கணக்குல அறுபதை எழுபதுன்னு எழுதிடறார், கல்யாண வீட்டுக்குப் போனா ஒரு மூலையில உக்காந்துக்கறார். தம்பி, "இது மறதி நோய்தான்"னு முடிவே பண்ணிட்டான். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

கிளினிக்ல தலைக்கு மேல ஃபேன் கடகடன்னு ஓடுது. கதவுக்கு வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடறாங்க. மாஸ்க் போட்ட ஒரு பொண்ணு பேப்பரைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க: "ஐயா, மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்குங்க. அப்புறமா கேப்பேன். சாவி, பானை, மரம்." அடுத்து என்ன கிழமை, எந்த ஊர், நூறுலேருந்து ஏழு ஏழா கழிங்கன்னு கேள்விகள். ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு, "அந்த மூணு வார்த்தை என்னங்க ஐயா?"

அப்பா கொஞ்சமும் தயங்கல. "காவி, யானை, மரம்."

மூணுக்கு ஒண்ணு. மத்த கேள்விகளிலும் சிலது போச்சு. டிமென்ஷியா ஆரம்பம் மாதிரி இருக்கு, ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்னு சொன்னாங்க. அந்த வாரமே தம்பியும் நானும் சேர்ந்து அப்பாகிட்டேருந்து ஏ.டி.எம். கார்டையும் கணக்கு நோட்டையும் வாங்கி வச்சுக்கிட்டோம். அவர் ஒண்ணும் சொல்லல.

பத்து நாள் கழிச்சு, ஈ.சி.ஆர்.ல பஸ்ல வந்துக்கிட்டு இருந்தப்போதான் உறைச்சது. சாவி காவி ஆயிருக்கு. பானை யானை ஆயிருக்கு. மறந்துபோன மனுஷனுக்கு எதுகை எப்படி வந்துச்சு? மறந்திருந்தா "தெரியல"ன்னு சொல்லியிருப்பார், இல்லன்னா சம்பந்தமே இல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பார். அவர் தன் காதுல விழுந்த மூணு வார்த்தையை, அதே வரிசையில, அஞ்சு நிமிஷம், நடுவுல கழித்தல் கணக்கெல்லாம் போட்டும் விடாம வச்சிருந்திருக்கார். உள்ளே போனதே தப்பு. நாங்க சென்சார் கோளாறை விட்டுட்டு டேட்டாபேஸைக் குறை சொல்லிக்கிட்டு இருந்தோம்.

அதுலேருந்து இதைப் பத்திக் கிடைச்சதையெல்லாம் படிச்சுக்கிட்டு இருக்கேன். நான் டாக்டர் இல்ல. பி.இ. படிச்சிட்டு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். ஆனா ஒரு அளவு எப்படி எடுக்கப்படுது, எங்க தப்பலாம்னு பார்க்கறது என் தொழில். அந்தக் கண்ணோட எனக்கு ரெண்டு விஷயத்து மேல விமர்சனம் இருக்கு. ஒண்ணு, வயசானவங்க ஞாபகத்தை நாம அளக்கிற விதம். இன்னொண்ணு, காதையும் மறதி நோயையும் சேர்த்து வர்ற செய்திகள்.

சத்தம் கேக்குது, பேச்சு புரியல

உள்காதுல நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கு. அதுல சுமார் 15,000 மயிர்ச் செல்கள். ஒலியை நரம்புக்கான மின்சமிக்ஞையா மாத்துற வேலை இங்கதான் நடக்குது. செத்தா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. சுருளோட வாசல் பக்கம் இருக்கிற செல்கள்தான் உச்ச ஸ்தாயியைப் பிடிக்கும். வயசானா பெரும்பாலும் முதல்ல போறதும் அதுதான்.

பேச்சுல உயிரெழுத்தோட பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே இருக்கு. க, ச, த, ப மாதிரி வல்லினத்தை ஒண்ணுலேருந்து ஒண்ணு பிரிச்சுக் காட்டற தகவலோ பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல, ரொம்ப மெலிசா இருக்கும். அதனால முதியவர் காதுல வார்த்தையோட உடம்பு விழும், முகம் விழாது. கட்டி, சட்டி, தட்டி, பட்டி நாலும் ஒரே வார்த்தை மாதிரி ஆயிடும். மூளை ஏதோ ஒண்ணை ஊகிச்சு நிரப்பிக்கும். நிரப்பினது தனக்கே தெரியாது. அதனாலதான் அப்பா தயங்காம "யானை"ன்னார்.

தமிழ்ல இன்னொரு சிக்கலும் இருக்குன்னு எனக்குத் தோணுது. நம்ம பேச்சுல முக்கியமான சேதி வாக்கியத்தோட வால்ல வருது. "நாளைக்கு வரேன்", "நாளைக்கு வரல". ஆமாமா இல்லையாங்கறது கடைசி அசையிலதான் இருக்கு. நாமளோ கடைசி அசையை முழுங்கிப் பேசறவங்க. 'நான் வரலைன்னு சொன்னேனே, ஏன் காத்திருந்தீங்க?'ன்னு எத்தனை தடவை அப்பாகிட்ட சண்டை போட்டிருக்கேன்!

கத்திப் பேசினாலும் தீராது. கத்தும்போது ஏற்கெனவே கேக்கிற உயிரெழுத்துதான் இன்னும் பெருசாகுது. போதாக்குறைக்கு, மயிர்ச் செல் போன காதுக்கு மெல்லிய சத்தம் கேக்காது, பெரிய சத்தம் சட்டுன்னு வலிக்கும். "காது கேக்கல"ங்கறவரே "ஏன்டா கத்தற?"ன்னும் கேக்கறது இதனாலதான்.

எங்க ஊர்ல வயசோட தொழிலும் சேர்ந்துக்குது. உளியும் சுத்தியலும் மட்டும் இருந்த காலம் போய் கிரைண்டர் வந்தாச்சு. கல்லை அறுக்கும்போது அது 100 டெசிபல் பக்கம் போகும். அமெரிக்காவுல தொழில் பாதுகாப்பை ஆராயற நையோஷ் நிறுவனத்தோட கணக்குப்படி 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படின்னா 100 டெசிபலுக்கு ஒரு நாளைக்குப் பதினஞ்சு நிமிஷம். பட்டறையில யாரும் பதினஞ்சு நிமிஷத்துல கிரைண்டரை வைக்கறதில்ல. கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் பக்கம் படகு எஞ்சின் பக்கத்துலேயே உக்காந்து கடலுக்குப் போற மீனவருக்கும் இதே கதைதான்.

கல்லைத் தட்டி, வர்ற ஓசையை வச்சு ஆண் கல், பெண் கல்னு பிரிக்கிறது சிற்பிகளோட பழைய வழக்கம். அப்பா அதுல கெட்டிக்காரர். ரெண்டு மூணு வருஷமா கல் எடுக்கப் போனா, "நீ தட்டிப் பாருப்பா"ன்னு பட்டறைப் பையன்கிட்ட விட்டுடுவார். பெருந்தன்மைன்னு நெனச்சோம்.

சரியாக் கேட்டாலும் ஞாபகத்துல நிக்காதது ஏன்?

இது வரைக்கும் சொன்னது தப்பாக் கேக்கறதைப் பத்தி. இதைவிட நுட்பமான ஒண்ணு இருக்கு. சரியாவே கேட்டிருந்தாலும் ஞாபகத்துல நிக்காமப் போகலாம்.

பிரிட்டிஷ் உளவியலாளர் பேட்ரிக் ராபிட் 1968ல ஒரு சோதனை வெளியிட்டார். எண்களோட வரிசை ஒண்ணைக் கேக்க வச்சு, திருப்பிச் சொல்லச் சொன்னார். முதல் பாதி எப்பவும் தெளிவா இருக்கும். இரண்டாம் பாதியில மட்டும் சில தடவை இரைச்சல் கலந்திருக்கும். இரண்டாம் பாதியில இரைச்சல் இருந்தப்போ, தெளிவாக் கேட்ட முதல் பாதியே குறைவாத்தான் ஞாபகம் இருந்தது. பின்னால வந்ததைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு, முன்னால வந்ததைப் பத்திரப்படுத்தற வேலையைக் கெடுத்துடுச்சு.

2005ல அமெரிக்காவுல ஆர்தர் விங்ஃபீல்டோட குழு இதை முதியவர்கள்கிட்ட பார்த்தாங்க. வயசு, படிப்பு, சொல்லறிவு எல்லாம் ஒத்த ரெண்டு குழு. ஒரு குழுவுக்குக் காது நல்லா இருக்கு, இன்னொண்ணுக்கு மிதமான குறை. வார்த்தைகளை வரிசையாச் சொல்லிக்கிட்டே வந்து திடீர்னு நிறுத்தி, கடைசி மூணைக் கேப்பாங்க. கடைசி வார்த்தையை ரெண்டு குழுவும் ஏறக்குறைய முழுசாவே சொல்லிட்டாங்க. அதாவது வார்த்தைகள் காதுல விழுந்திருக்கு. ஆனா அதுக்கு முந்தின ரெண்டையும் காது குறைஞ்சவங்க கணிசமா விட்டாங்க.

எங்க மொழியில சொன்னா, லைன் மோசமா இருக்கறப்போ பிழை திருத்தவே சி.பி.யு. முழுக்கப் போயிடுது, டிஸ்க்ல எழுத நேரம் இல்ல. சாயங்காலம் ஆனா அப்பா "தலை வலிக்குது"ன்னு சீக்கிரம் படுத்துடறதுக்கு என்ன காரணம்னு இப்போ கொஞ்சம் புரியுது. நாள் முழுக்க நாம பேசறதை அவர் டீகோட் பண்ணிக்கிட்டு இருக்கார்.

தேர்வு எதை அளக்குது?

உலகம் முழுக்கப் பயன்படற எம்.எம்.எஸ்.இ. தேர்வு 1975ல வந்தது, 30 மார்க். மோகா தேர்வு 2005ல வந்தது. ரெண்டுலயும் ஞாபகப் பகுதி வாய்மொழியா நடக்குது. சொல்ற வார்த்தை காதுல விழுந்திருக்கும்ங்கற அனுமானத்து மேலதான் மார்க்கே நிக்குது.

தேர்வை உருவாக்கினவங்க முட்டாள்கள் இல்ல. வார்த்தைகளைச் சொன்ன உடனே அந்த நபர் திருப்பிச் சொல்லணும், தப்பா இருந்தா மறுபடி சொல்லிக் கொடுக்கணும்னு ஒரு படி இருக்கு. எங்க அப்பாவுக்கு அந்தப் படியையே தாண்டிட்டாங்க. வெளியே இருபது டோக்கன் காத்திருந்தா யாருக்கும் அவசரம் வரும். அந்த ஒரு படியைச் செஞ்சிருந்தா "காவி" அங்கேயே மாட்டியிருக்கும்.

ஆனா அந்தப் படி மட்டும் போதாதுங்கறதுதான் ராபிட்டும் விங்ஃபீல்டும் சொல்றது. சரியாத் திருப்பிச் சொன்னாலும், கேக்கப் பட்ட பாடு ஞாபகத்தைக் குறைக்கும். அந்தக் குறைவை மூளையோட கணக்குல எழுதறதா, காதோட கணக்குல எழுதறதா?

காது குறைஞ்சவங்களுக்காக, பேசாம திரையில எழுத்தாக் காட்டற மோகா வடிவம் ஒண்ணு 2023ல வெளியாச்சு. நல்ல முயற்சி. ஆனா எங்க ஊர்ப் பாட்டிகள்ல பலர் எழுத்துக் கூட்டியே படிக்காதவங்க. அவங்களுக்கு எழுத்தும் அடைப்பு, பேச்சும் அடைப்பு.

இங்க நம்ம ஊர்க்காரங்க ஏற்கெனவே ஒரு பெரிய வேலை செஞ்சிருக்காங்க. 10/66னு ஒரு ஆய்வுக் குழு. டிமென்ஷியா உள்ளவங்கள்ல 66 சதவீதம் பேர் வளரும் நாடுகள்ல இருக்காங்க, ஆய்வுல பத்து சதவீதம்கூட அவங்களைப் பத்தி இல்லைங்கறதுதான் பேருக்கு அர்த்தம். அதோட இந்தியக் களங்கள் சென்னையும் வேலூரும். பள்ளிக்கூடம் போகாதவங்களை, படிப்பில்லைங்கற காரணத்துக்காகவே நோயாளின்னு எண்ணிடக் கூடாதுன்னு தேர்வையே மாத்தி வடிவமைச்சாங்க. படிப்புங்கற சாய்வை நீக்க இவ்வளவு உழைக்க முடிஞ்சுதுன்னா, அதே கண்டிப்பைக் காதுக்கும் கேக்கறதுல தப்பில்ல.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்ல. லாசி-டாட் ஆய்வை வச்சு 2023ல வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவுல 60 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. 60 வயசு தாண்டினவங்கள்ல 25 சதவீதத்துக்கும் மேல முடக்கற அளவுக்குக் காது கேட்பதில் குறை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2021 அறிக்கை சொல்லுது. நோய் எண்ணிக்கை தப்புன்னு நான் சொல்ல வரல. முறையான ஆய்வுல ஒரு தேர்வு மார்க்கை மட்டும் வச்சு முடிவு பண்ணமாட்டாங்க. ஆனா கிளினிக்லயும் வீட்லயும் ஒரு மார்க்கை வச்சுத்தான் முடிவு பண்றோம். நாங்க பண்ணினோம்.

தலைப்புச் செய்திகளோட கதை

இனி மறுபக்கம். "காது கேக்கலைன்னா டிமென்ஷியா அஞ்சு மடங்கு", "மெஷின் போட்டா மறதி நோய் வராது"ன்னு செய்தியும் விளம்பரமும் வாட்ஸாப்ல வந்துக்கிட்டே இருக்கு. அந்த அஞ்சு மடங்கு எங்கேருந்து வந்தது?

2011ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலையின் ஃபிராங்க் லின் குழு, 639 பேரைச் சுமார் 12 வருஷம் பின்தொடர்ந்த தரவை வெளியிட்டாங்க. லேசான குறைன்னா டிமென்ஷியா வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு, மிதமான குறைக்கு மூணு மடங்கு, கடுமையான குறைக்கு அஞ்சு மடங்கு. முக்கியமான ஆய்வு, நேர்மையா எழுதினது. ஆனா அட்டவணையைப் பாருங்க. 639 பேர்ல கடுமையான குறை இருந்தவங்க ஆறே ஆறு பேர். அந்த அஞ்சு மடங்கு நிக்கிறது அந்த ஆறு பேர் மேல. செய்தியில மடங்கு வந்தது, ஆறு வரல.

லான்செட் ஆணையம் 2017ல தவிர்க்கக்கூடிய காரணங்கள்ல செவிக் குறைக்கு 9 சதவீதம் கொடுத்தது, 2020ல 8, 2024ல 7. இது உங்க அப்பாவுக்கோ என் அப்பாவுக்கோ உள்ள ஆபத்து இல்ல. செவிக் குறைதான் காரணம்னு வச்சுக்கிட்டு, அதை மொத்தமா ஒழிச்சா சமூகத்துல எவ்வளவு டிமென்ஷியா குறையும்ங்கற கணக்கு. அந்த "வச்சுக்கிட்டு"லதான் விஷயமே இருக்கு. காது குறைஞ்சதால பேச்சு குறைஞ்சு, தனிமை கூடி, மூளை மந்தமாகலாம். ரெண்டையும் ஒரே ரத்தக்குழாய்ப் பிரச்சினை கெடுத்திருக்கலாம். இல்ல, நான் மேலே சொன்ன மாதிரி, தேர்வே காது வழியா நடக்கறதால குறைவாத் தெரியலாம். மூணும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையா இருக்கலாம்.

மெஷின் போட்டா என்ன ஆகும்னு நேரடியாச் சோதிச்சது 2023ல வெளியான அச்சீவ் ஆய்வு. 70லேருந்து 84 வயசு வரை 977 பேர், மூணு வருஷம். குலுக்கல் முறையில பாதிப் பேருக்கு ஹியரிங் எய்டு, மீதிப் பேருக்குப் பொதுவான உடல்நல ஆலோசனை. மொத்தமாப் பார்த்தா அறிவுத்திறன் சரிவுல ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த 238 பேர்ல மட்டும் சரிவோட வேகம் 48 சதவீதம் குறைஞ்சது. செய்தியில வந்தது 48. மீதி 739 பேர் வரல.

அடுத்தது ஒரு புரோகிராமரா என்னை உலுக்கின சம்பவம். அதே 2023 ஏப்ரல்ல லான்செட் பப்ளிக் ஹெல்த்ல, நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டன் மக்களோட தரவை வச்சு ஒரு கட்டுரை வந்தது. மெஷின் போடாதவங்களுக்கு ஆபத்து கூடுது, போட்டவங்களுக்குக் கூடலைன்னு முடிவு. உலகம் முழுக்கச் செய்தி. வேற ஆய்வாளர்கள் அதே முடிவைத் திரும்ப எடுக்க முயற்சி பண்ணினப்போ வரல. பார்த்தா எஸ்.ஏ.எஸ். நிரல்ல ஒரு அமைப்புப் பிழை. மெஷின் போட்டவங்களும் போடாதவங்களும் இடம் மாறியிருக்காங்க! டிசம்பர்ல கட்டுரையைத் திரும்பப் பெற்றாங்க. லேபிள் மாறின பிழையை நானும் பண்ணியிருக்கேன், அதனால சிரிக்க முடியல. ஆனா முதல் செய்தியைப் பார்த்த எத்தனை பேர் அந்தத் திருத்தத்தைப் பார்த்திருப்பாங்க?

என் வாதம் மெஷின் வேண்டாம்ங்கறது இல்ல. மெஷினை மறதி நோய்க்குத் தடுப்பூசி மாதிரி பயம் காட்டி விக்காதீங்கங்கறதுதான். பேரன் பேசறது புரியறதே போதுமான காரணம். அதுக்கு மேல ஒரு பயம் தேவையில்ல.

அப்பாவுக்கு என்ன ஆச்சு

முதல்ல காதுல குறும்பி அடைச்சிருக்கான்னு பார்த்து எடுத்தாங்க. அப்புறம் ஆடியோமெட்ரி. 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கிராஃப் பரவாயில்ல. 4000ல செங்குத்தா விழுது, எங்க ஊர்ப் பாறைச் சரிவு மாதிரி. மறதித் தேர்வை வேற ஒரு மருத்துவர் திரும்ப எடுத்தார். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க்கை எடுத்து, எதிர்ல உக்காந்து, வேற மூணு வார்த்தை. ஒவ்வொண்ணையும் திருப்பிச் சொல்ல வச்சார். அப்பா மூணுல ரெண்டு சொன்னார். தேதியிலயும் கழித்தலிலயும் இன்னும் தடுமாற்றம் இருந்தது. "லேசாக் குறை இருக்கலாம். ஆறு மாசம் கழிச்சு பார்ப்போம்"னார் மருத்துவர். நியாயமான பதில். காதுதான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்லி நிஜமான மறதியைத் தள்ளிப் போடறதும் ஆபத்துதான். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கலாம்.

மெஷின் போட்டிருக்கார். ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் தாங்கறார். பாத்திரச் சத்தம் மண்டையைப் பிளக்குதுங்கறார். பழக மாசக்கணக்காகும்னு சொல்லியிருக்காங்க.

நாங்க வீட்ல மாத்திக்கிட்டது: பேர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்து, டி.வி.யை நிறுத்திட்டுப் பேசறது. ஒரு தடவைக்கு ஒரு சேதி. புரியலைன்னா அதையே கத்தாம வேற வார்த்தையில சொல்றது. எண்ணும் தேதியும் பேப்பர்ல. போன்லயும் முக்கியமானதைச் சொல்றதில்ல. பழைய பாணி அழைப்புல 3400 ஹெர்ட்ஸுக்கு மேல வெட்டிடுவாங்க, அவருக்கு மீதி இருக்கறதும் போயிடும்.

ஊருக்குன்னு ஒரு யோசனை. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கறாங்க. அதே வாசல்ல ஒரு கை தூரத்துல பின்னால நின்னு, மூணு எண்ணைக் கிசுகிசுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னா ஒரு நிமிஷம் ஆகும். கருவி வேண்டாம். தடுமாறினவங்களை அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கற முதியோருக்கு ஹியரிங் எய்டு இலவசமாக் கொடுக்க 2017லேருந்து ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் இருக்கு. காதைப் பார்க்காம எடுத்த மறதி மார்க்கை எங்கேயும் எழுதக் கூடாதுன்னு ஒரு விதி இருந்தா இன்னும் நல்லது.

கணக்கு நோட்டையும் கார்டையும் போன தை மாசம் அப்பாகிட்ட திருப்பிக் கொடுத்தேன். நோட்டைப் புரட்டி, நான் எழுதின ஒரு வரியில கூட்டல் தப்பைக் காட்டினார். அப்புறம் சொன்னார்: "நான் மறக்கலடா. நீங்கதான் முணுமுணுக்கறீங்க."

பாதி உண்மை. அந்தப் பாதியை நாங்க பத்து நாள் முன்னாடியே கேட்டிருக்கணும்.